மாப்பிள்ளை பெயருக்குச் சிவப்பு எரிந்த விவரம்

மரியே வாழ்க

காரைக்குடி,
16.9.1997

அன்புள்ள மச்சான் ஆன்றோ அவர்களுக்கு,

சின்னராஜ் எழுதுவது. மாதா தயவால் இங்கு நானும் உங்கள் தங்கை சகாயம்மாளும் மகள் பெல்சியும் சுகம். நாட்டரசன்கோட்டையில் உங்கள் முழங்கால் வலி தேவலையா? அது மட்டும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராமல் இருந்திருந்தால், பெண் பார்க்க வந்தவர்களோடு நீங்களும் வந்திருப்பீர்கள். நானும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருந்திருக்காது.

நீங்கள் பேசிவிட்ட திருப்பத்தூர்ச் சம்பந்தம், தட்டில் கேசரி பாதி இருக்கும்போதே எழுந்து போய்விட்டது. பையன் மேல் குற்றமில்லை, பெல்சி மேலும் இல்லை. குற்றமெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் கீபோர்டில் எரிகிற மூன்று விளக்குகள் மேல்தான். நீங்கள் தயவுசெய்து திருப்பத்தூர் போய்ப் பையனின் தாயாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் உங்களுக்கு விளங்க வேண்டுமே, ஆகையால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெல்சி வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சென்டரில் புதிது வந்ததும், பழையது ஒன்றை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அதன் கீபோர்டில் வலது ஓரமாக மிளகு அளவில் மூன்று விளக்குகள், மூன்றும் பச்சை. பெரும்பாலும் அவை சும்மாதான் இருக்கும், நம் கோயில் கமிட்டியில் சிலர் இருப்பதுபோல. இவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒன்று சிவப்பாகவும் ஒன்று மஞ்சளாகவும் வேண்டும் என்று மிட்டாய்த் தாளை வெட்டி ஒட்டினாள். சிவப்புத் தாளுக்குள் விளக்கு இருண்டே போயிற்று. நான் அறிவியல் வாத்தியார் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "செவப்புத் தாளு கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற ஆளு மாதிரிம்மா. செவப்ப மட்டுந்தான் உள்ள விடும். பச்சை எம்புட்டுக் கெஞ்சினாலும் விடாது" என்றேன். "அப்ப ஆள மாத்தக் கூடாதுப்பா, விருந்தாளியத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, தேனப்பன் ரேடியோ கடையில் சிவப்பும் மஞ்சளுமாகக் குட்டி விளக்கு வாங்கிவந்து, கீபோர்டைப் பிரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடிவிட்டாள். அந்தக் கைப் பக்குவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மச்சான். உங்கள் தங்கை ஆப்பம் சுடும்போது கூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

அதன்பின் புரோகிராம் எழுதி விளக்குகளை ஆட்டிவைக்கத் தொடங்கினாள். ஒரு தினுசில் மூன்றும் தேரில் சீரியல் செட் ஓடுவதுபோல இங்குட்டு ஓடி அங்குட்டுத் திரும்பும். இன்னொரு தினுசில் தகரத்தில் மழை விழுவதுபோலப் படபடக்கும். கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு, வண்டி முட்டினால் சிவப்பு. நான் ஓட்டினால் வேறு நிறமே வராது. கடைசியாக எனக்கென்றே ஒன்று செய்தாள், டைப் பழக. எழுத்தைச் சரியாக அடித்தால் பச்சை, தப்பாக அடித்தால் சிவப்பு, யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மஞ்சள். அடிக்க வேண்டியது திரையில் தெரியாது. டிக்டேஷன் மாதிரி மனதில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தே அடிக்க வேண்டும். முதல் பாடமாக என் பெயரையே அதில் போட்டுக் கொடுத்தாள். எத்தனையோ பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மை போட்ட எனக்கு என் மகளே சிவப்புப் போட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையன் அந்தோணி பிரபு, அவர் தாயார் சகாயராணி அம்மாள், சித்தப்பா ஒருவர், மூன்று பேரும் வந்தார்கள். உறை போட்டுக் கம்ப்யூட்டரை மூடி வை என்று உங்கள் தங்கை சொன்னாள். நான்தான் திறந்து, ஓட விட்டு வைத்தேன். பெல்சி காபி கொண்டுவந்தாள். பையன் காபியையும் எடுக்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்தார். "எப்படிங்க மூணையும் தனித்தனியா எரிய விடுறீக?" என்று கேட்டார். இவள் சொன்னாள். அவர் மேலே கேட்டார், இவள் மேலே சொன்னாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பையனும் பெண்ணும் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். "தம்பி, உங்க பேர அடிங்க, சரியா அடிச்சாப் பச்சை எரியும்" என்று விளையாட்டை அந்த டைப் பாடத்துக்கு மாற்றிவிட்டேன். என் பெயருக்கு எரிந்தால் எல்லார் பெயருக்கும் எரியும் என்று ஒரு நினைப்பு.

பையன் இங்கிலீஷில் அடித்தார். ஏ, பச்சை. என், பச்சை. டி, பச்சை. எல்லாரும் சிரித்தோம். நாலாவது எழுத்தில் சிவப்பு வந்தது. அதற்குப் பிறகு கடைசி எழுத்துவரை சிவப்புதான். "ஏப்பா, ஒன் பேரு ஒனக்கே மறந்துபோச்சா?" என்றார் சித்தப்பா. மறுபடி அடித்தார், மறுபடியும் அதேதான். சகாயராணி அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அது ஒன்றுமில்லை, யார் அடித்தாலும் அப்படித்தான் என்று காட்ட அந்த அம்மாளையே அவர் பெயரை அடிக்கச் சொன்னேன். முதல் எழுத்திலிருந்தே சிவப்பு. "அப்ப எங்க குடும்பத்துக்கே செவப்பா?" என்றார். "நாங்க சாதகம் கீதகம் பாக்குறதில்ல சார், மாதாவக் கும்பிடுற வேதக்காரவுக. ஆனா இம்புட்டுச் செவப்பப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" பொறுங்கள், என் பெயரை அடித்துப் பச்சையைக் காட்டுகிறேன் என்று நான் விரலை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. "போதும் சார், இதுக்கு மேல என்ன வேணும்" என்று எழுந்துவிட்டார்கள். பையன் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கீபோர்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஆகவே மச்சான், நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான். அதில் இருந்தது சின்னராஜ் என்ற பெயர். பூட்டுக்குத் தன் சாவிதான் தெரியும், அடுத்த வீட்டுச் சாவியை அது திட்டுவதாக அர்த்தமில்லை. முதல் மூன்று எழுத்துக்குப் பச்சை எப்படி எரிந்தது என்று கேட்டால், தற்செயல் என்று சொல்லிவிடுங்கள். எனக்கும் அது விளங்கவில்லை. நாளைக்கே தேனப்பனை வரவழைத்து விளக்குகளைக் கழற்றிவிடுவதாகவும் சொல்லுங்கள். பெல்சியின் மனசைக் கேட்டீர்களானால், அவளுக்கு இதில் பெரிய நாட்டமில்லை என்றே படுகிறது. நாலாவது எழுத்துக்குச் சிவப்பு எரிந்ததும் காபித் தட்டோடு உள்ளே போனவள், இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் நல்ல இடம், கெட்டுப்போகக் கூடாது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள் உங்கள் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பும் ஜெபமும். மாதா உங்களைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
சின்னராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், விளக்கைக் கழற்றப்போகிறோமே, கடைசியாக ஒருமுறை என் பெயருக்குப் பச்சை பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் எழுத்தே சிவப்பு. ஒன்றைத் தவிர எல்லாமே சிவப்பு. பெல்சியைக் கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்க பேர சனிக்கிழமையே எடுத்துட்டேம்ப்பா. மாமா அந்தோணின்னு சொன்னாகள்ல, நான் டிக்கு அப்புறம் ஒரு எச் போட்டு அந்த எடத்துல எழுதிவச்சுட்டேன். அவுக எச் இல்லாம எழுதுறாக" என்றாள். ஓர் எழுத்து கூடியதால் பின்னால் வந்ததெல்லாம் ஒவ்வோர் இடம் தள்ளிப்போய்விட்டது, வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தால் ஆகிறதுபோல. "அவுக" என்றாள் மச்சான், கவனித்தீர்களா? மேலே எழுதிய எதையும் திருப்பத்தூரில் சொல்ல வேண்டாம். தேனப்பனுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பையனை இன்னொரு முறை வந்து பெயரை அடிக்கச் சொல்லுங்கள், அது போதும். அந்த எச் எழுத்தை அவள் ஞாயிற்றுக்கிழமையே, கரண்ட் வந்த கையோடு எடுத்துவிட்டாளாம்.