மாமனாருக்கு முப்பது ஆம்பியரா?

கிசுமு,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ஒபோரா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் சைலஸ் ஒயூகி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கப்பலில் மாட்டிக்கொண்ட நீங்கள், அப்பாவின் உடலை நல்லபடியாக ஊர் கொண்டுசேர்த்தோமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்தோம். எப்படி என்பதை மற்றவர் வாயால் நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பாட்டில்லாமல் மாமாவை எடுத்துப்போனால் மருமகன் என்று நான் தலைகாட்ட முடியுமா? வேனில் ஆம்ப்ளிஃபையர் வைக்க எலக்ட்ரீஷியன் வசோங்காவைப் பிடித்தேன். அவன் முப்பது ஆம்பியர் ஃபியூஸ் போட்டான். சகலை ஒடேரா தன் வண்டியில் அறுபது போட்டிருப்பது ஊருக்கே தெரியும். "மாமனாருக்கு முப்பதாடா? நாலு பேரு என்ன நெனப்பாங்க?" என்றேன். "அண்ணே, ஃபியூஸ் வயருக்குக் காவல், மாமனாருக்கு மரியாதை இல்ல. ஒடேரா வயரு விரல் தடிமன். நீங்க வாங்கித் தந்தது முப்பதுக்கு மேல தாங்காது. தடி வயர் வாங்குங்க, இல்ல சத்தத்தக் கொறைங்க" என்றான். வயரின் தடிமனை யார் விசாரிக்கிறார்கள் மச்சான்? ஃபியூஸ் எத்தனை என்றுதானே கேட்கிறார்கள்! பிணவறை வாசலில், முதல் பாட்டிலேயே முப்பது பட்டென்று போனது. அத்தனை பேர் முன்னாலும் பாட்டு நின்றது. பக்கத்துக் கடையில் நூறு வாங்கி நானே மாட்டினேன்.

என்ன சத்தம்! நம் பெங்கா பாட்டின் கிதார் கேட்டு, ரோட்டோரம் மாடு மேய்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாலா ஊரைத் தாண்டியதும் ஒரு வாடை. பாஸ்டர் கண்ணை மூடி, "ஆவியானவர் எறங்குறாரு" என்று ஜெபத்தைத் தொடங்கினார். சவப்பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்ததும் முதலில் இறங்கி ஓடியவர் அவர்தான், பின்னால் மற்ற எல்லாரும். உங்கள் தங்கை அவூர் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ விட்டுட்டு எறங்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் பேட்டரி வயரைப் பிடுங்கினான். சாவு வீட்டுக்கு வாங்கிய சோடாவையெல்லாம் நான் உடைத்து ஊற்றினேன். பெட்டிக்கு ஒன்றுமில்லை, மேல்துணிதான் ஓரம் கருகியது. வயர் முழுக்கக் கரி. நூறு ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

பின்னால் வந்த ஒடேரா எங்கள் வேனைக் கயிறு கட்டி இழுத்துப்போனான். மாமா வீடு வந்து சேர்ந்தது சகலை வண்டியின் பாட்டோடு. இதை எழுதவே கை கூசுகிறது.

அன்றிலிருந்து அவூர் என்னோடு பேசுவதில்லை. உகாலிக் களியை வைத்துவிட்டு, "உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று மகனிடம் சொல்கிறாள். மகன் நைரோபியில் இருக்கிறான். வீடு வீடாக இல்லை மச்சான். தவறு முழுக்க வசோங்காவுடையது என்று நீங்கள் ஒரு வார்த்தை போனில் சொன்னால் கேட்பாள்.

கடல் அடங்கி நிற்கவும், நீங்கள் சுகமாய்க் கரையேறவும் கர்த்தர் துணையிருப்பாராக.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
சைலஸ் ஒயூகி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அவூர் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "பத்து வருசமா காது கேக்காத மனுசனுக்கு நூறு ஆம்பியரா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு, "பெட்டி மேல கை வச்சிருந்தேன். பாட்டுக்கு அப்படியே அதிர்ந்துச்சு. அப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றாள். அடுத்த நினைவு நாளுக்குத் தடி வயர் எடுத்துவரும்படி வசோங்காவுக்கு அவளே சொல்லியனுப்பியிருக்கிறாள்.