மீனிங் அண்ணனின் அட்டை

திருப்பூரில் ஆங்கிலத்துக்குப் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் மீனிங் அண்ணன்தான். ஆங்கிலம்தான் அவரைப் பார்த்துப் பயந்தது.

எங்கள் பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் அவர் பொறுப்பு. நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். தினமும் காலையில் ஒரு பழைய அட்டையில் மார்க்கரால் ஓர் ஆங்கில மரபுத்தொடரையும், கீழே தமிழில் அதன் மீனிங்கையும் எழுதிப் பேக்கிங் மேசையில் சாய்த்து வைப்பார். அட்டையைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாதவர்களுக்குப் பத்து மணி டீ கிடையாது. பீகாரிலிருந்து வந்த டெய்லர்கள்கூட, “பீஸ் ஆஃப் கேக், ரொம்ப ஈஸிங்கண்ணா” என்று ஒப்பித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார்கள்.

அவர் லீவு கேட்பதும் அப்படித்தான்.

“ஊட்டுக்காரம்மா அண்டர் த வெதருங்க. அப்படீன்னா, உடம்பு சரியில்லீங்க.”

மனைவிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. ஆனாலும் அந்தத் தொடரை மறுநாள் அட்டையில் ஏற்றிவிட்டார்.

வினை அங்கேதான் வந்தது. அன்று கைக்குழந்தை உடுப்புகள் லண்டனுக்குப் போக வேண்டிய நாள். லாரி வாசலில் ஹாரன் அடிக்கிறது. அந்த அவசரத்தில் மேசையிலிருந்த அட்டையும் உடுப்புகளோடு ஒரு பெட்டிக்குள் போய், டேப் ஒட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டது. குழந்தைச் சட்டைக்கு நடுவே ‘அண்டர் த வெதர்’ என்று அட்டை வந்தால் எந்த வெளிநாட்டுக்காரன் சும்மா இருப்பான்?

லண்டனிலிருந்து காட்டமாக மெயில் வந்தது. ஆர்டர் விவகாரங்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் நான்; கடைசி வரியைப் போனில் தேடிப் பார்த்ததும், அது அண்ணன் தலையில்தான் விடியும் என்று தெரிந்துவிட்டது. முதலாளிக்கோ போன் சொல்லும் அர்த்தத்தில் நம்பிக்கை கிடையாது.

“மிசினுக்கு என்னங்க தெரியும்? அவரைக் கூப்புடுங்க” என்றார்.

படிக்கட்டிலேயே அண்ணனை மடக்கினேன். “அண்ணா, கடைசி வரிக்கு மட்டும் வேற ஏதாச்சும் சொல்லிருங்க. உங்க வேலையே போயிருங்கண்ணா.”

“மீனிங்கை மாத்தறதுக்கு நாம யாரு கண்ணு?”

முதலாளி முன் நின்று மெயிலை முழுசாகப் படித்து, கடைசி வரிக்கு வந்தார். “சம்ஒன் மஸ்ட் கேரி த கேன். அப்படீன்னா, இந்தத் தப்புக்கு யாராச்சும் ஒருத்தரு பழிய ஏத்துக்கோணுங்க. அந்த ஆளு நானுங்க. அட்டை என்னுதுங்க.”

முதலாளி மெயிலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “கம்பெனி என்னுதுங்க. நான் ஏத்துக்கறேன்னு இங்கிலீசுல எழுதுங்க.”

அண்ணன் பதிலை எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் கீழே தமிழில் மீனிங்கும் எழுதியிருந்தார். அனுப்பும்போது அதை நான்தான் எடுத்தேன்.

அடுத்த ஆர்டரும் வந்தது. இனி அட்டையைக் கயிறு போட்டு மேசைக்காலில் கட்டிவிட வேண்டும் என்பது மட்டும் முதலாளியின் உத்தரவு. கட்டியது நான். ஒரு முடிச்சே போதும். அவரும் எங்கேயும் போய்விடக் கூடாதே என்று மூன்று போட்டேன்.