அதுவும் அவங்களுதுதான்

'அதுவும் அவங்களுதுதான்' பேர்வழி என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று நீங்கள் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு தலை நீளும். "எதை எடுத்தாலும் ஒண்ணுதான் சார். ரெண்டும் ஒரே குழுமம்." நீங்கள் கேட்டீர்களா? இல்லை. ஆனாலும் அந்த பிஸ்கட் கம்பெனிக்கு மேலே ஒரு கம்பெனி, அதற்கும் மேலே ஒரு தாய்க் கம்பெனி, அந்தத் தாய் தன் கையால் ஒரு குண்டூசிகூடச் செய்ததில்லை, ஆனால் குண்டூசி, சிமெண்ட், கப்பல், காப்பீடு, கைக்குழந்தைக்குப் பால்மாவு என்று செய்கிற அத்தனை பேரிடமும் பங்கு வைத்திருக்கிறாள் என்பதையெல்லாம் கேட்டு முடிக்காமல் நீங்கள் நகர முடியாது. இதில் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அவரிடம் அந்தக் கம்பெனியின் ஒரு பங்குகூடக் கிடையாது.

நம் பல் டாக்டர் இந்த இனத்தில் அசல் ரகம். தொழிலும் தோதாக அமைந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர் மறுத்தா பேசப் போகிறார்? ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் ஊரிலுள்ள அத்தனை பற்பசைகளின் பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்டவரின் மகள் தனக்குப் பிடித்த பையனைத் தானே தேடிக்கொண்டாள். கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பையனின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அந்த அப்பா மஞ்சள் சோப்புக் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அப்பா, யார் கம்பெனியை யார் வாங்கினாங்கன்னு இன்னைக்கு ஒரு நாள் பேசாதீங்க," என்றாள் மகள்.

"நான் ஏம்மா பேசப்போறேன்?"

டாக்டரின் மனைவி அவரைக் கிள்ளுவதற்கு எட்டும் தூரத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் நிஜமாகவே முயன்றார். மழையைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். வந்தவரோ சோப்பை விட்டு இறங்குவதாக இல்லை. போட்டிக்கு வந்த பச்சை சோப்புக்காரர்களைத் தான் கடை கடையாக விரட்டியது, ஒரு விடுதிக் குளியலறையில் பச்சை சோப்பு இருந்ததைப் பார்த்து வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"இவ தம்பி இருக்கானே," என்று தன் மனைவியைக் காட்டினார் அவர், "அவன் பச்சை சோப்புல மேனேஜர். என் ஏரியாவுக்கே வந்து என் கடைங்களை வளைச்சான். அன்னையிலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பதினஞ்சு வருஷமா வாசப்படி மிதிக்க விடலையே!"

அந்த அம்மாள் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். மனைவி கிள்ளிய கிள்ளு ஒரு நொடி தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

"ரெண்டு சோப்பும் ஒரே குழுமம்தான் சார்," என்றார் டாக்டர். "இருபது வருஷம் முன்னாடியே ரெண்டு கம்பெனியையும் வாங்கிட்டாங்க. பேரை மாத்தல, ஆளை மாத்தல, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஜெயிச்சாலும் உங்க மச்சான் ஜெயிச்சாலும் மேல இருக்கறவங்களுக்கு ஒண்ணுதான்."

வந்தவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். தேநீர் ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

"சந்தோஷமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒரு நோயாளி, எந்தப் பற்பசை நல்லது என்று கேட்டார். "எதையாவது வாங்குங்க," என்றார் டாக்டர். உதவியாளர் பெண் பயந்துபோய் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சள் சோப்புக்காரர் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். கூடவே இன்னொருவர். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்க. இவன்தான் என் மச்சான். நேத்து நானே போய்க் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்குச் சொன்னதை இவன்கிட்ட ஒருதரம் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்."

"நெஜமாவா டாக்டர்?" என்றார் மச்சான். "இந்த மனுஷனைத் தோக்கடிச்சதுக்கு எனக்கு மெடல் குடுத்தாங்களே!"

"எனக்குந்தான் குடுத்தாங்க."

"எங்கக்கா கையால சாப்பிட்டுப் பதினஞ்சு வருஷம்..." என்று இழுத்தார் மச்சான். மஞ்சள் சோப்புக்காரர் அவர் முதுகில் கைவைத்தார்.

டாக்டர் சொன்னார். வெளியே பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனக, அடியிலிருந்து நுனி வரை ஆனந்தமாகச் சொன்னார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மண்டப வாசலில் மூன்று பேர் நின்றுகொண்டு, வருகிறவர்களின் கையிலிருந்த பரிசுப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இந்த மிக்ஸி யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். ஆமாம், மூன்று பேர். இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது.

உங்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. ஆனால் அந்த மஞ்சள் சோப்பு எது, பச்சை சோப்பு எது, அந்தக் குழுமம் எதுவாக இருக்கும் என்று இவ்வளவு நேரமும் மனத்துக்குள் துப்புத் துலக்கிக்கொண்டே படித்தீர்களே, அது என்னவாம்? கண்டுபிடித்தும்விட்டீர்கள் போலிருக்கிறது. சொல்வதற்கு வாய் துறுதுறுக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவராவது நிம்மதியாக இருக்கட்டும்.