கணினிக்கு நான் வைத்த கொள்ளி

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு வேடிக்கையான உடுப்பு வாங்கிக் கொடுப்பதைப் பற்றி யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். கொடுக்காதீர்கள். வேட்டி கொடுங்கள், சாரம் கொடுங்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் இரண்டு பெனியன் கொடுங்கள். சிரிப்பு வரவேண்டும் என்பதற்காக எதையும் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.

இந்த ஞானம் கிடைத்தபோது எனக்கு இருபத்தொரு வயது. சண்டையால் உருத்திரபுரத்தில் இருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் மூன்று மாதக் கணினி வகுப்பு ஒன்றை முடித்திருந்தேன். எட்டுப் பேருக்கு ஒரு கணினி. என் முறை வரும்போது பார்த்துக் கரண்ட் போய்விடும். ஆனாலும் அந்தச் சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதனால் கணினி விஷயத்தில் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. (வேறு எந்த விஷயத்திலும் என் சொல்லை ஒருவரும் காதில் வாங்குவதில்லை.)

அந்த நேரம் பார்த்துத்தான் வதனி அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளை சரிவந்தது. பெயர் சுதாகரன். நிரல் எழுதுவதுதான் அவருக்கு வேலை. அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது முடிந்திருந்தது. சாதகம் பொருந்திய இடங்களெல்லாம் ஒவ்வொரு இடப்பெயர்வோடும் ஒவ்வொரு திக்குக்குப் போய்விட, அம்மா வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்து கிடந்து பாதியாகியிருந்தார். மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் லீவு. அதில் கொழும்பில் இருந்து வவுனியாவுக்கு வர அனுமதி எடுப்பதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த முகூர்த்தம் தவறினால் அவர் விமானம் ஏறிவிடுவார். பிறகு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் தாயும் எங்கள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிட வருவதாக இருந்தது. "வேட்டியும் சால்வையும் வாங்கியாச்சு. வேறை என்னடா குடுக்கலாம்?" என்று அம்மா என்னைக் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது.

"புரோகிராமர் ஆக்கள் எங்களைப் போலை இல்லையம்மா. அவை பகிடி எழுதின ரீசேட்தான் போடுறவை. அங்கை அதுதான் மரியாதை."

இதற்கு என் ஆதாரம், வகுப்பில் கிடந்த அட்டையில்லாத ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை. அதில் ஐந்தாறு தாடிக்காரர்கள் நகைச்சுவை வாசகம் எழுதிய உடுப்போடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு உந்தக் கோதாரி ஒண்டும் விளங்கேல்லை. மானம் போகாமல் பார்த்துச் செய்," என்றார் அம்மா.

வவுனியாக் கடைகளில் அப்படி ரீசேட் எங்கே இருக்கிறது? பூப்போட்டது இருந்தது, புலியின் தலை போட்டது இருந்தது. (அதைப் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டுவதற்கு எனக்கு விசரா?) ஆகவே வெள்ளை ரீசேட் ஒன்றை வாங்கி, அதில் நானே ஒரு பகிடி எழுதி அச்சடிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் வகுப்புக் கணினி வாரத்தில் மூன்று முறை செத்துப்போகும். நிரல் எழுதுகிறவருக்கு இதைவிடத் தெரிந்த துக்கம் உண்டா? அதன் மரண அறிவித்தலையே நெஞ்சில் போட்டால் மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அன்றிரவு எனக்கு நானே சிரித்து நித்திரை குழம்பியது.

அச்சகம் வைத்திருந்த நடேசண்ணைக்கு வேலையே மரண அறிவித்தல்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவச் சட்டம், எல்லாம் தயாராக வைத்திருப்பார்.

"ஆர் தம்பி செத்தது?"

"கொம்பியூட்டர், அண்ணை."

"எத்தினை வயசு?"

"மூண்டு."

"சின்ன வயசு," என்று எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தாய்வானைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் கணினி அவர்கள் இன்று காலை அகால மரணமடைந்தார். அன்னார், காலஞ்சென்ற தட்டச்சு இயந்திரத்தின் அன்பு மகனும், பிரிண்டரின் பாசமிகு கணவரும், மவுசு, கீபோட் ஆகியோரின் அன்புத் தந்தையும், லண்டன் சுதாகரனின் உற்ற நண்பரும் ஆவார்.

அதோடு விட்டிருக்கலாம். நடேசண்ணை விடவில்லை. "கிரியை செய்யிறது ஆர்? தகப்பனுக்கே மூண்டு வயசெண்டால் பிள்ளையள் சின்னன். கொள்ளி வைக்கிற ஆளின்ர பேர் இல்லாமல் நான் நோட்டீஸ் அடிக்கிறேல்லை."

"சரி, என்ர பேரைப் போடுங்கோ."

'இறுதிக்கிரியைகளைச் செய்பவர்: கஜன்' என்று தடித்த எழுத்தில் போட்டு, முழுவதையும் ரீசேட்டில் அச்சடித்துத் தந்தார்.

விருந்து நாள் வந்தது. சுதாகரன் அண்ணை வந்ததில் இருந்து மொத்தம் நான்கு சொல் கதைத்திருப்பார். அதில் இரண்டு 'ஓம்'. தட்டில் வெற்றிலை, பழம், வேட்டி, சால்வை. எல்லாவற்றுக்கும் மேலே என் பார்சல். மாப்பிள்ளையின் தாய், எங்களுக்கு மாமி, வழக்கப்படி ஒவ்வொன்றாக எடுத்து விரித்துச் சபைக்குக் காட்டினார். வேட்டியின் கரையைப் பாராட்டினார். பிறகு ரீசேட்டை இரண்டு தோளிலும் பிடித்து உயர்த்தினார்.

குத்துவிளக்கு. சட்டம். கீழே 'லண்டன் சுதாகரன்'.

"ஐயோ, என்ர பிள்ளைக்குச் செத்தவீட்டு நோட்டீசோ!" என்று மாமி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமி, அது பகிடி. செத்தது கொம்பியூட்டர்..."

"எது செத்தாலென்ன? நோட்டீஸ் அடிச்சு, கொள்ளியும் சொல்லியாச்சு. இது துடக்கு வீடு. முப்பத்தொண்டு முடியாமல் நான் இந்த வீட்டிலை நல்ல காரியம் செய்யன்."

சாவுத் தீட்டு முப்பத்தொரு நாள்! மாப்பிள்ளைக்கு இருந்தது பன்னிரண்டு நாள். அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அக்கா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்று என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏன்ரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காலத்தில் வவுனியாவில் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டாத மதில் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். ஒவ்வொரு நாளும் அவற்றைக் கடந்துதான் நான் வகுப்புக்குப் போய்வந்தேன். அதை எடுத்துப் பகிடிக்குப் போட்டேனே என்று நினைக்க இப்போதும் எனக்கு என் மீது ஆத்திரம் வருகிறது.

அப்போதுதான் சுதாகரன் அண்ணை தாயின் கையில் இருந்து ரீசேட்டை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். முதல் எழுத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். சிரிப்பார் என்று நான் பார்த்தேன். இல்லை. எங்கே பிழை என்று தேடுகிற ஆளாக, விரலை வைத்து வரிவரியாகப் போனார்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ. தகப்பன், மனிசி, பிள்ளையள் எல்லாம் மெசின். அவைக்குத் துடக்கு வந்தால் வரட்டும். நான் நண்பன், எனக்குத் துடக்கில்லை. வதனியின்ர பேர் ஒரு இடத்திலும் இல்லை. அவவின்ர அம்மாவின்ர பேரும் இல்லை. மனிசரிலை சம்பந்தப்பட்டது ஒரே ஆள். கொள்ளி வைச்ச தம்பி. துடக்கு அவருக்கு மட்டும்தான்."

மாமி யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். "அப்ப சரி. இவர் முப்பத்தொண்டு முடியுமட்டும் மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இந்த வீட்டிலை படுக்கவும் கூடாது."

"ஓம், ஓம், காட்டமாட்டான்!" என்று என்னைப் பெற்ற அம்மா ஒரு கணமும் யோசிக்காமல் என்னைக் கைவிட்டார்.

இதில் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் கால் கழுவி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவதும், அதற்காக மாப்பிள்ளையிடம் மோதிரம் பெறுவதும் அவன்தான். எனக்கு இருந்தது ஒரே அக்கா. பட்டு வேட்டி வாங்கி, தலைப்பாகை கட்டிப் பார்த்து, கண்ணாடி முன் நடந்தும் பழகியிருந்தேன். எல்லாம் சித்தியின் மகன் ரூபனுக்குப் போனது. (வேட்டியும் போனது. அவனுக்கு அளவு சரியாக இருந்ததாம்.)

கல்யாணம் கோயில் மண்டபத்தில். நான் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில். கெட்டிமேளம் கேட்டபோது கடைக்காரர் முன்னாலேயே வெட்கம் இல்லாமல் அழுதேன். என்ன ஏது என்று தெரியாமல் மனிதர் இரண்டு வடையைக் கொண்டுவந்து வைத்தார். தாலி கட்டி முடிந்து கார் புறப்பட்டபோது கடை வாசலில் நின்றது. கூறைச் சேலையோடு அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"சாப்பிட்டியோடா?"

"ஓம் அக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதேன். அக்காவும் அழுதார். மாமி முன் இருக்கையில் இருந்து, "காரைத் தொடாதையும்!" என்றார்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. துடக்குக் காத்தவன் ஆண்டுத் திவசமும் கொடுக்கத்தான் வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டுப் போக, சுதாகரன் அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் அந்த விருந்து நாளில் லண்டனில் இருந்து அழைப்பு வரும். "தம்பி, திவசம் ஆச்சோ?" என்று கேட்டுவிட்டு, அன்று சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரிப்பார். போன வருடம் அவருடைய மகள் எடுத்தாள். அவளும் நிரல் எழுதுகிறவள்தான். "மாமா, படையலுக்கு என்ன கறி?" என்றாள்.

"கத்தரிக்காய்," என்றேன். உண்மைதான். என் மனைவி மாமிக்கு மேலே சாத்திரம் பார்க்கிறவர். எதற்கு வீண் வம்பு என்று அன்று மீன் காய்ச்ச மாட்டார். செய்த குற்றம் என்ன என்று தெரியாமலே என் இரண்டு பிள்ளைகளும் ஒரு கணினிக்காக வருடத்தில் ஒரு நாள் மரக்கறி சாப்பிடுகிறார்கள்.