ஒண்ணுகூடப் பிடிக்கல

“சின்னவன். வயசு இருபத்தேழு. லாண்டரியில, பெரிய இஸ்திரி மெஷின் பக்கத்துல நிக்கறேன்.”

சட்டைப் பையிலிருந்து தலை நீட்டிய கைபேசியிடம் அவன் எப்போதும் முதலில் இதைத்தான் சொல்வான். இயந்திரச் சத்தத்தில் தன் குரல் அதற்குக் கேட்கிறதா என்று சோதனை. கேட்டது. எழுத்துகள் தூக்கத்தில் நடப்பவைபோல ஒவ்வொன்றாக வந்து திரையில் நின்றன.

இரண்டு கையிலும் தடித்த உறை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாக நுழைந்து, மறுபக்கம் வெதுவெதுவென்று வந்துகொண்டே இருந்தன. நின்று தட்டச்சு செய்ய நேரம் ஏது? அவன் பேசுவான், கைபேசி எழுதும். பேச்சு நின்றால் தானே அனுப்பியும் விடும். அப்படி வைத்திருந்தான்.

ஆவி கூரைவரை எழும்பி அங்கேயே தங்கியிருந்தது. அதற்குள் அவன் பாதி மிதந்தான். அது ஆவி என்றே அவனுக்குத் தோன்றி நாளாயிற்று. யாரோ மிகப் பெரிய ஆள் ஒருவர் மேலே சாய்ந்து படுத்துக்கொண்டு, நிம்மதியாக இழுத்து இழுத்து விடுவதுபோல இருந்தது.

அவன் மறுபடியும் அதை விட்டிருந்தான்.

‘அது’ என்றுதான் சொல்ல வேண்டும். சிகரெட் என்று பேரைச் சொன்னாலே நாக்கு ஊறுகிறது என்பதால், அவனுக்கும் அக்காவுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம். வீட்டில் விஷயம் தெரிந்தவள் அக்கா மட்டும்தான். அம்மாவோ, “என் புள்ள கொசுவத்திப் புகைக்கே இருமுவான்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள்.

முன்பும் விட்டிருக்கிறான். விட்ட போதெல்லாம் அக்கா குதித்தாள். மறுபடி தொட்ட போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல், தொலைபேசியில் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். போன வாரமும் அந்த மூச்சைக் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை. “இந்தத் தடவையும் முடியலைன்னா, இனிமே சத்தியமே பண்ண மாட்டேன்க்கா” என்றான். தன் வார்த்தையைத் தானே நம்பாத ஆளாகிவிடுவோமோ என்று அவனுக்கு உள்ளுக்குள் உதறல்.

கைபேசி அதிர்ந்தது. அக்காதான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, ஆவி படிந்த திரையை முன்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பேசினான்.

“பிடிக்கல. சத்தியமா பிடிக்கல.”

வந்திருந்தது அக்காவின் விசாரிப்பு இல்லை. குடும்பக் குழுவில் அம்மா ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, ‘பொண்ணு எப்படிடா?’ என்று கேட்டிருந்தாள். அதை அவன் பார்க்கவில்லை.

பதில் வந்தது. ஆவிக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் அவன் கண்ணில் பட்டது. ‘பிடிக்கலையா?’

அக்காவே நம்பவில்லை!

“ஒண்ணுகூடப் பிடிக்கல. போன வாரம் மட்டும் ஒண்ணு பிடிச்சேன். அதையும் பாதியிலயே விட்டுட்டேன். அதான் உனக்குத் தெரியுமே.”

இப்போது கைபேசி பைக்குள் வண்டுபோலத் துடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. உறையைக் கழற்றித் திரையைத் துடைத்தான்.

அம்மா: ‘ஒண்ணப் பிடிச்சியா? யாருடா அவ?’

அக்காவின் கணவர்: ‘மாப்ள, பாதியிலன்னா எந்தப் பாதியில?’

சம்பந்தத்தைக் கொண்டுவந்த அத்தை: ‘கண்ணு, பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?’

அக்கா: ‘டேய், வாயை மூடு.’

பேசியதெல்லாம் குடும்பக் குழுவுக்குப் போயிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் கொசுவத்திக்கு இருமுகிற பிள்ளையை அம்மாவிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? பேரைச் சொல்லாமலே சமாளிக்கலாம் என்று நினைத்தான்.

“அம்மா, பயப்படாதே. பழைய பழக்கம். காலேஜ்லேர்ந்து இருந்துச்சு. இப்ப விட்டாச்சு.”

இந்த முறை அம்மா எழுதவில்லை. குரலாகவே வந்தாள்.

“காலேஜ்லேர்ந்தா! இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேடா பாவி! யார் பெத்த பொண்ணோ, இப்படி நடுத்தெருவுல விட்டுட்டியே!”

“நடுத்தெருவுல எங்க விட்டேன்? குப்பைத்தொட்டியிலதானே போட்டேன்” என்று தனக்குள் முனகினான்.

பேச்சு நின்றது. கைபேசி அனுப்பிவிட்டது.

பிறகு அக்காவின் கணவர் எழுதினார்: ‘மாப்ள, இதுக்கு மேல எதுவும் எழுதாதே. நல்ல வக்கீலாப் பாரு.’

அக்கா அழைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“நான் உண்மையைச் சொல்லிடறேன்டா. அம்மா படுத்துட்டாங்க.”

“வேணாம்க்கா. இந்தத் தடவை ஜெயிச்சுட்டு நானே சொல்லிக்கறேன்.”

“ஜெயிப்பியா?”

அவன் அடுத்த ஈர விரிப்பை இயந்திரத்துக்குள் தள்ளினான். ‘ஆமாம்’ என்று சொன்னால் அது சத்தியமாகிவிடும்.

“சரி, ‘மனசு சரியில்ல, அப்புறம் பேசறேன்’னு மட்டும் போடு. வேற ஒரு எழுத்து வரக்கூடாது.”

அவன் பேசினான். “மனசு சரியில்ல. அப்புறம் பேசறேன்.” அந்த நொடி யாரோ பின்கதவைத் திறந்தார்கள். வெளியிலிருந்து அந்த மணம் உள்ளே வந்து தோளில் கை போட்டது. “ஐயோ, அந்த வாசனை வந்தாலே கால் தானா போகுதே…”

அதுவும் போயிற்று. காலும் போயிற்று.

பின்கதவுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட அழுக்குத்துணிக் கூடையின்மேல் மேகம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். துவைக்கும் உருளை இயந்திரத்தில் வேலை. எப்போதும் தலையைச் சுற்றிப் புகை இருப்பதால் அந்தப் பேர்.

“என்ன தம்பி, மூஞ்சி துவைச்சுப் பிழியாம விட்ட மாதிரி இருக்கு?”

“வீட்டுல ஒரு சின்னக் குழப்பம்ண்ணே.”

“அப்ப பெரிய குழப்பம்தான்.” பெட்டியை நீட்டினார். “ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு விட்டுக்கலாம். நான் தினமும் நாளைக்குத்தான் விடறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அது விரல்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு லேசு! வானம் துவைத்த விரிப்புபோல வெளுத்துக் கிடந்தது. மதில் சுவரும் மேகம் அண்ணனும் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும் தூரத்தில் எங்கோ போய் நின்றுகொண்டன. உலகத்தில் அவனும் அதுவும் மட்டும். ‘நீ இப்படித்தான்’ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கோபமே இல்லாத குரல். தாலாட்டுகிற மாதிரி இருந்தது. மேகம் தீக்குச்சியைக் கிழித்து, காற்றுக்குக் கையைக் குவித்துக்கொண்டு நீட்டினார். அவன் குனிந்தான்.

கைபேசி மணி அடித்தது. தெரியாத எண்.

நெருப்பு அணைந்தது. மேகம் அலுத்துக்கொண்டே அடுத்த குச்சியைத் தேடினார்.

“ஹலோ, குப்பைத்தொட்டிக்காரர்தானே?” ஒரு பெண் குரல்.

“யாருங்க?”

“உங்க அம்மா போட்ட படத்துல இருக்கறது நான்தான்.”

“ஐயோ, நான் உங்க படத்தைப் பாக்கவே இல்லைங்க. பிடிக்கலைன்னு சொன்னது உங்களை இல்ல.”

“உங்க அத்தை ஒரு எழுத்து விடாம எல்லாத்தையும், உங்க நம்பரோட, எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்பா சத்தமாப் படிச்சுக் காட்டினார். எல்லாரும் அந்தப் பொண்ணுக்காக ரொம்ப வருத்தப்படறாங்க.”

“அது பொண்ணே இல்லைங்க…”

“தெரியும்.”

“தெரியுமா? எப்படி?”

அந்தப் பக்கம் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“எனக்கும் அதே பழக்கம்தாங்க. மொட்டை மாடியில தீப்பெட்டியோட நிக்கறேன். நான் கீழ இறங்கற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இருங்களேன்.”