கறுப்பு இட்லி

இனிமே என் தோள்ல சிலிண்டர் ஏறாதுன்னு மக்காச்சோளம் அடிச்ச அன்னைக்கே சபதம் எடுத்துட்டேன்.

எங்க வாலிகண்டபுரத்துல கேஸ் லாரி மெயின் ரோட்டோட நின்னுடும். கடைசித் தெரு கடைசி வூடு வரைக்கும் சிலிண்டரைத் தூக்கிட்டு வர்றது புருஷன் பொறுப்பாம். தாலி கட்டுனப்ப யாரும் இதைச் சொல்லலீங்க.

பெரம்பலூர்ல அடுப்பெரிக்கக் கரிவில்லை செய்யற ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையை டிரம்முல போட்டு, மூடி, கரியாக்கணும். தூளாக்கி, வடிகஞ்சி விட்டுப் பிசைஞ்சு, வில்லையாக்கிக் காயவைக்கணும். வில்லைக்கு அச்சு வேணுமே? என் சம்சாரம் புவனேஸ்வரியோட இட்லித்தட்டு எதுக்கு இருக்கு!

மொட்டைமாடி முழுக்கக் கறுப்பு இட்லி. புவனா மேல ஏறி வந்தா. நான் ஓடத் தயாரா நின்னேன். அவ திட்டவே இல்ல. அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும்.

"புகை வருமா?"

"துளி வராது."

"ஊதணுமா?"

"ஒருதரம் பத்த வச்சாப் போதும், நின்னு எரியும்."

"அப்ப இதுல சமைக்கிறது கஷ்டமில்லேங்கறீங்க?"

"கஷ்டமா? வேலையே இல்லடி!"

"அதைக் கலியம்மாள் அக்கா முன்னாடி ஒருதரம் சொல்லுங்க பாப்போம்."

காஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல அடுப்பு வச்சேன். பக்கத்து வூட்டு கலியம்மாள் அக்கா தெருவையே கூட்டிட்டு வந்துட்டாங்க. நாட்டுக்கோழிக் குழம்பு தளதளன்னு கொதிக்குது. புகையே காணோம். எனக்குத் தலைகால் புரியல.

"பொம்பளைங்க என்னமோ மலையைப் பொரட்டற மாதிரி அலுத்துக்கிறீங்க! மூணு வேளையும் நானே சமைப்பேன்!"

எல்லாரும் கைதட்டுனாங்க. மொதக் கை புவனாவுது.

மறுநாள் காலைல காபி வரல. புவனா காலை நீட்டி டிவி பார்த்துட்டு இருந்தா.

"டிபன் எங்கடி?"

"அடுப்பு உங்களுது. பக்குவம் உங்களுக்குத்தான் தெரியும். தெருவே சாட்சி."

"அய்யோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"வேலையே இல்லாததுக்கு ரெண்டு பேரு எதுக்குங்க?"

மூணு மாசமா மூணு வேளையும் நான்தான். எனக்கு இருந்த ஒரே ஆறுதல், சிலிண்டர் தூக்கறதில்ல.

நேத்து மெயின் ரோட்டுல லாரி ஹாரன் அடிச்சுது.

"என்னங்க, ஓடுங்க! புக் பண்ணிருக்கேன்."

"நமக்கெதுக்கு சிலிண்டர்? நான்தான் கரியடுப்புல சமைக்கிறேனே!"

"அது சமையலுக்கு. சீரியல் நடுவுல அவசரத்துக்கு ஒரு டீ போட வேணாமா?"

தூக்கிட்டு வந்தேன். டீயும் நான்தான் போட்டேன்.