தூணுக்குப் போட்ட கோட்டு

அன்புள்ள மைத்துனி ஹெஸ்டருக்கு,

வில்ஃப்ரெட் எழுதுவது. நான் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

தேவாலயத்தில் ஏழைகளுக்குக் கொடுக்க உன் அக்கா மியூரியலின் பழுப்புக் கம்பளிக் கோட்டைக் கேட்டிருந்தாய். கொடுக்க மனமில்லை என்று நினைத்துவிடாதே, கோட்டு இப்போது உபயோகத்தில் இருக்கிறது. உங்கள் தாத்தா கிரேக்க தேசத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து ரோஜாப் பாத்தி நடுவே நட்டுவைத்தாரே, அந்தத் தூண்தான் போட்டிருக்கிறது. தோட்டக்காரர் பிம், "ஐயா, ரெண்டாயிரம் வருஷம் வெயில்ல நின்ன கல்லுங்க. நம்ம ஊர்ப் பனிக்கு வெடிச்சுடும், எதையாவது போர்த்துங்க" என்றார். மியூரியல் உயிரோடு இருந்தவரை குளிர்காலத்தில் அதற்கு மாட்டிவந்த மரக்கூண்டை நான் போன வருஷமே கணப்பில் போட்டு எரித்துவிட்டேன். தார்ப்பாய் கட்டினேன், அது பறந்துபோய்ப் பாதிரியாரின் குளத்தில் விழுந்தது. போர்வை கட்டப் போய் நான் விழுந்தேன். கடைசியில் கோட்டைப் போட்டுப் பார்த்தால் பொத்தான் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது! உடைந்தது போக மிச்சமிருக்கும் தூண் உன் அக்கா உயரம்தானே.

மறுநாள் பாதிரியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் சொன்னார். பிறகு உள்ளே வந்து மூன்று கோப்பை தேநீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"யாருங்க அந்த அம்மா? ஊரே பேசுது. நான் வணக்கம் சொன்னா திரும்பிக்கூடப் பார்க்கலையே, கோபமா?"

"அவங்க அப்படித்தாங்க. அதிகம் பேச மாட்டாங்க" என்றேன்.

தினமும் காலையில் பொத்தான்களைச் சரிபார்க்க நானே போக வேண்டியிருக்கிறது. போகும்போது தேநீரையும் எடுத்துப் போகிறேன். வீட்டுக்குள் தனியாகக் குடித்தால் தொண்டையில் இறங்குவதில்லை. ஆனாலும் பனி விட்ட மறுநாளே கோட்டு தபாலில் வந்து சேரும், இது உறுதி.

கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

உன் அக்காவின் கணவன்,
வில்ஃப்ரெட்

பி.கு.: மேலே தேதி போட மறந்துவிட்டேன். இன்று ஜூலை பதினொன்று. "ஐயா, உங்களுக்கே இப்படி வேர்க்குதே, அந்தக் கல்லுக்கு வேர்க்காதா?" என்று நேற்று பிம் கேட்டார். ஹெஸ்டர், நீயே ஒருமுறை வந்து அந்தப் பொத்தான்களைக் கழற்று. என்னால் முடியவில்லை.